பெண்கள் லைனா, கலந்த லைனா?

கல்லூரியில் எனக்கு ஐந்து வருடம் ஜூனியரான ஒரு தம்பி போன மாதம் போன் செய்தான். ஒரகடம் பக்கம் வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவுக்குத் தலைவன். நானூறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் பெண்கள் பதினொரு பேர். ஏழு பேர் தரம் பார்க்கும் க்யூசி, மீதி நான்கு பேர் ஹெச்.ஆரும் அக்கவுன்ட்ஸும். மெஷின் பக்கம் ஒருத்தர்கூடக் கிடையாது.

"அக்கா, ரெண்டு வருஷத்துல முப்பது சதவீதம் பெண்கள் இருக்கணும்னு மேனேஜ்மென்ட் சொல்லிட்டாங்க. என்னென்ன வழி இருக்கு, எது நமக்குச் சரின்னு எழுதிக் கொடுக்கணும். நீங்கதான் சொல்லணும்."

திடீரென்று இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தான். பங்குச் சந்தையில் முதல் ஆயிரம் இடங்களில் இருக்கும் கம்பெனிகள் 2022-23 நிதியாண்டு முதல், சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு ஒரு பொறுப்புணர்வு அறிக்கை கொடுத்தாக வேண்டும். பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு, பாலியல் துன்புறுத்தல் புகார் எத்தனை வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. பெரிய கம்பெனிக்குக் கேள்வி வந்தால் அது சப்ளையரைத் திரும்பிப் பார்க்கும். சப்ளையர் தன்னிடம் இருக்கும் பதினொரு பேரைப் பார்த்துத் தலையைச் சொறிவார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், கதவு திறந்தால் சரி என்று நினைக்கிறவள் நான். ஆனால் எந்தக் கதவைத் திறக்கிறோம் என்பது முக்கியம். இருபத்திரண்டு வருடம் மெஷின் ஷாப்பிலும் அசெம்பிளியிலும் இருந்த கணக்கில் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் மனதில் இருந்த வழிகள் மூன்று. பெண்களுக்கென்று தனி லைன், அதாவது பெண்கள் மட்டுமே நின்று பாகங்களைப் பூட்டும் அசெம்பிளி வரிசை, போடுவது. எல்லாப் பிரிவுக்கும் இலக்கு வைத்துக் கலந்து எடுப்பது. முதலில் வசதியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஆள் எடுப்பது. நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதை அவன் யோசிக்கவே இல்லை, பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

தனி லைன்

இது இப்போது நாகரிகம். ஓலா 2021 செப்டம்பரில் போச்சம்பள்ளி பக்கத்து ஸ்கூட்டர் ஆலையைப் பத்தாயிரம் பெண்கள் நடத்துவார்கள் என்று அறிவித்தது. டாடா மோட்டார்ஸ் புனேயில் ஹாரியர், சஃபாரி கார்களின் பாகங்களைப் பூட்டும் ஒரு ஷாப்பைப் பெண்களிடம் கொடுத்தது. போட்டோ நன்றாக வரும் என்பதற்காக மட்டும் இதைக் கேலி செய்ய மாட்டேன். நிஜமான லாபங்கள் இருக்கின்றன. ஒரே பேட்ச்சாகப் பயிற்சி கொடுக்கலாம். ஒரே இடத்தில் கழிப்பறை, ஒரே பஸ். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தடவையாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் தன்னைப் போலவே இருபது பேர் இருந்தால் வருகிற தைரியம் பெரிது. வீட்டிலும் அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் எண்ணிக்கை ஏறிவிடும்.

நானே அப்படி ஒரு லைனை ஒன்றரை வருடம் நடத்தியிருக்கிறேன். இருபத்துநான்கு ஸ்டேஷன். போல்ட்டை முறுக்கும் டார்க் டூல் மக்கர் செய்தாலோ, பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்சர் மாட்டிக்கொண்டாலோ கயிற்றை இழுக்க வேண்டும், மேலே சிவப்பு விளக்கு எரியும், மெயின்டனன்ஸிலிருந்து ஆள் வருவார். வரும்வரை இருபத்துநான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மெயின்டனன்ஸில் பெண் கிடையாது. ஒருநாள் எட்டாவது ஸ்டேஷனில் இருந்த பெண் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் காற்றை அடைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஆலன் கீயை எடுத்து, நகர்ந்துபோயிருந்த சென்சாரைத் தானே சரிசெய்து லைனை ஓட்டிவிட்டாள். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவள் அவள். மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது, அனுமதி இல்லாமல் உபகரணத்தைத் தொட்டதற்காக. அதில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தது நான்தான்.

தனி லைனின் சிக்கல் அந்த மெமோவில் இருக்கிறது. லைனுக்குள் எல்லாரும் சமம்தான், ஆனால் லைனை விட்டு வெளியே போக வழி இல்லை. தொழிற்சாலையில் சம்பளமும் மரியாதையும் ஏறுகிற பாதை மெயின்டனன்ஸ், டூல் ரூம், ப்ராசஸ் இன்ஜினியரிங், ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று போகிறது. பூட்டுகிற வேலை அந்தப் பாதையின் முதல் படிக்கட்டு. முதல் படிக்கட்டில் மட்டும் பெண்களை நிறைத்து வைத்தால் முப்பது சதவீதம் வந்துவிடும், அறிக்கையும் அழகாக இருக்கும். மாடல் மாறி அந்த லைனை மூடினால் எல்லாரும் ஒரே நாளில் வெளியே போவார்கள்.

இன்னொரு விஷயம், தனி லைன் பெரும்பாலும் விடுதியை நம்பி ஓடுகிறது. விடுதி என்றால் கல்யாணமாகாத, இருபதைச் சுற்றிய பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் 2021 டிசம்பரில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கும். அரசு அதற்கப்புறம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம். ஆனால் அதே 2024 ஜூனில், கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது, மத்திய அரசு தமிழகத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. ஒரு கம்பெனியைப் பற்றிய விஷயமாக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. கட்டிலை எண்ணி ஆள் எடுக்கும் முறையில், இருபத்தைந்து வயதுக்கு மேல் என்ன என்ற கேள்விக்கு இடமே இல்லை. நாட்டின் தொழிற்சாலைப் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் வேலை செய்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்களில் எத்தனை பேர் பத்தாவது வருடத்தையும் அதே கேட்டுக்குள் முடிக்கிறார்கள் என்று யாரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.

கலந்து எடுப்பது

எல்லாப் பிரிவிலும் இத்தனை சதவீதம் என்று இலக்கு வைப்பது. கேட்பதற்கு இதுதான் நியாயமாகத் தெரியும். செய்யும்போதுதான் பிசகும்.

வழக்கமாக நடப்பது இது. முதல் வருடம் பன்னிரண்டு பெண் டிரெய்னிகளை எடுப்பார்கள். பன்னிரண்டு பிரிவுக்கு ஒருத்தராகப் பிரித்துக் கொடுப்பார்கள், எல்லா மேனேஜரும் இலக்கை எட்டியாக வேண்டுமே. டூல் ரூமில் ஒருத்தி, ஹீட் ட்ரீட்மென்டில் ஒருத்தி, ஸ்டோர்ஸில் ஒருத்தி. ஒருத்தி தப்பு செய்தால் "பெண்களை எடுத்தாலே இப்படித்தான்". ஒருத்தி நன்றாகச் செய்தால் "அவ வேற மாதிரிப்பா". டீ குடிக்கப் போவதற்குக்கூட துணை இருக்காது. ஒரு வருடத்துக்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள், இல்லையென்றால் க்யூசிக்கு மாற்றல் கேட்பார்கள். அப்புறம், "அவங்களுக்கே ஷாப் ஃப்ளோர் பிடிக்கலை" என்று ஒரு முடிவுரை எழுதப்படும்.

எனவே கலப்பது என்றால் தூவக் கூடாது. இரண்டு பிரிவைத் தேர்ந்தெடுங்கள், மெயின்டனன்ஸ் அதில் ஒன்றாக இருக்கட்டும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று நான்கு பேராவது இருக்கும்படி எடுங்கள். மற்ற பத்துப் பிரிவுகள் ஒரு வருடம் காத்திருந்தால் குடி முழுகிப் போகாது.

மெயின்டனன்ஸ் என்றதும் தம்பி இழுத்தான். "அக்கா, சட்டமே விடாதுன்னு எங்க ஃபேக்டரி மேனேஜர் சொல்றார்." இந்தப் பாட்டை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொன்னது, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை, அசையும் பாகத்தால் அடிபடும்படியான நிலையில், பெண்கள் துடைப்பதோ எண்ணெய் போடுவதோ கூடாது என்று. ஒழுங்கான ஷாப்பில் ஓடுகிற மெஷினுக்குள் ஆணும் கை விடுவதில்லை. பவரை அடைத்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டிவிட்டுத்தான் திறக்கிறோம். நின்றுகொண்டிருக்கும் மெஷினைப் பெண் திறக்க அந்தச் சட்டம் எந்தக் காலத்திலும் தடையாக இருந்ததில்லை.

இரவு ஷிஃப்டுக்கும் இதே கதைதான். அந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களின் வேலை நேரத்தைக் காலை 6 முதல் மாலை 7 வரை என்று கட்டிப்போட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே பாதுகாப்பு நிபந்தனைகள் விதித்து அதைச் செல்லாது என்றுவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம், எல்லா வகை வேலையிலும் பெண்களை அமர்த்தலாம், அவர்கள் சம்மதித்தால் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு இரவிலும் அமர்த்தலாம் என்கிறது. சட்டம் விடாது என்கிற சாக்குக்கு நம் ஊரில் கால் நூற்றாண்டாக உயிர் இல்லை.

இங்கே ஒரு பழைய கதை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1943இல் எலெக்ட்ரிகல் படித்து முடித்த அ. லலிதாதான் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பதினெட்டு வயதில் விதவையானவர், கையில் குழந்தை. ஆணுக்கென்றே அச்சடித்து வைத்திருந்த சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். பிறகு கல்கத்தாவில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைக்கிற வேலை பார்த்தார். ஆனால் சைட்டுக்குத் தனியாகப் போய்வர அந்தக் காலத்து விதவைக்கு வழி இல்லை. மேஜையிலேயே இருந்தார். எண்பது வருடம் கழித்தும் பெண் இன்ஜினியர் சேர்ந்தால் முதலில் மேஜையைத்தான் காட்டுகிறோம், டாகுமென்டேஷன், க்யூசி, பிளானிங் என்று. நானும் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் 'லைட் ஒர்க்' என்று பிளானிங் மேஜைக்குப் போனவள்தான். குழந்தைக்கு எட்டு வயது ஆகும்வரை அந்த மேஜையிலிருந்து ஷாப்புக்குத் திரும்ப முடியவில்லை.

ஆண்கள் முணுமுணுப்பார்களே என்பது கலந்து எடுப்பதில் வரும் அடுத்த பயம். முணுமுணுப்பார்கள். அதற்கு ஐஐடிகள் ஒரு வழி காட்டின. 2018இல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கி 14 சதவீதம் என்று தொடங்கி, 2020க்குள் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பையன்களின் இடத்தில் கை வைக்கவில்லை. தொழிற்சாலையிலும் அப்படிச் செய்யலாம். புது லைன், புது ஷிஃப்ட், ஓய்வு பெறுபவர்களின் இடம், இவற்றில் எடுங்கள். இருக்கிறவரை நகர்த்தி எடுத்தால் அந்தக் கசப்பை, புதிதாக வேலைக்குச் சேரும் பெண்தான் தினமும் விழுங்க வேண்டும்.

முதலில் வசதி, பிறகு ஆள்

இதைச் சொல்பவர்களில் இரண்டு ரகம். நிஜமாகவே அக்கறை உள்ளவர்கள், தள்ளிப்போடுகிறவர்கள். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைப் பேசுவார்கள் என்பதுதான் தொந்தரவு. "டாய்லெட் கட்டட்டும், அப்புறம் எடுக்கலாம்." மாஸ்டர் பிளானில் வரும், பட்ஜெட்டில் வரும், நாலு வருடம் ஓடிவிடும். அதனால் இதைத் தனி வழியாக நான் ஏற்பதில்லை. ஆனால் இதைச் செய்யாமல் முதல் இரண்டில் எதைச் செய்தாலும் நிற்காது.

என் முதல் கம்பெனியில் பெண்கள் கழிப்பறை நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. என் மெஷினிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். டீ பிரேக் பத்து நிமிடம். போய்வந்தால் டீ இல்லை, டீ குடித்தால் போக முடியாது. நாங்கள் மூன்று பேரும் கண்டுபிடித்த தீர்வு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இரண்டு பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. சேஃப்டி ஷூவும் அப்படித்தான். ஸ்டோர்ஸில் இருந்த மிகச் சிறிய அளவே எனக்கு ஒன்றரை விரற்கடை பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டு, முன்னால் பஞ்சு வைத்து நடந்தேன். காலைக் காக்க வேண்டிய ஷூவாலேயே படியில் தடுக்கி விழுந்தேன். பர்ச்சேஸில் இருந்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த பட்டியலில் சைஸ் ஆறிலிருந்துதான் தொடங்கியது.

குழந்தைகள் காப்பகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஒரு விதியை எப்படி எழுதக் கூடாது என்பதற்கு அது பாடம். 1948 சட்டப்படி 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. முப்பதோடு நிறுத்திக்கொள்ள முதலாளிக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், அதில் ஆண் பெண் கணக்கு இல்லை என்று மாற்றினார்கள். தம்பியின் கம்பெனியில் நானூறு பேர். பதினொரு பெண்கள்தானே என்று தப்பிக்க முடியாது. பெண்களை எடுக்காமல் இருப்பதால் மிச்சமாவதும் ஒன்றும் இல்லை.

செலவு என்று சொல்லப்படும் இன்னொன்று 26 வார மகப்பேறு விடுப்பு. முழுச் சம்பளமும் கம்பெனி தலையில் என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்வார்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈஎஸ்ஐ என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அந்தப் பணத்தை ஈஎஸ்ஐ கொடுக்கிறது. ஆபரேட்டர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். கம்பெனி கொடுப்பது அதற்கு மேல் சம்பளம் வாங்கும் இன்ஜினியர்களுக்கு. அவர்கள் எத்தனை பேர், வருடத்தில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறக்கும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னேன். யாரும் போட்டதே இல்லையாம்.

பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவைப் பற்றிச் சுருக்கமாக. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி அது இருக்க வேண்டும், தலைமை மூத்த பதவியில் உள்ள ஒரு பெண்ணிடம். பதினொரு பெண்கள் இருக்கிற இடத்தில் அந்த 'மூத்த' பெண் பெரும்பாலும் இருபத்தேழு வயது ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ்தான். புகார் அவருடைய மேலதிகாரி மேலேயே வந்தால் என்ன செய்வார்? வேறு யூனிட்டிலிருந்து மூத்த பெண் ஒருவரைத் தலைவராகப் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளி உறுப்பினராக முதலாளியின் குடும்ப நண்பரைப் போடாதீர்கள். கேன்டீன் அம்மாவும் காண்ட்ராக்ட் பெண்ணும் அப்ரென்டிஸும் இதே குழுவிடம் வரலாம் என்பதைத் தமிழில், கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள்.

யோசிக்காத வழி

ஏற்கெனவே இருக்கும் பதினொரு பேர். அவர்களைத் தக்கவைப்பதும் மேலே ஏற்றுவதும் நான்காவது வழி. இதற்குச் செலவு எல்லாவற்றையும்விடக் குறைவு, ஆனால் சதவீதம் ஏறாது. அதனால்தான் பட்டியலில் வராது.

க்யூசியில் இருக்கும் ஏழு பேரின் சம்பளத்தை, அதே வருடம் அதே படிப்போடு சேர்ந்த ஆண்களின் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். எங்கே பிரிகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் குழந்தை பிறந்த வருடமாக இருக்கும். ஆறு மாதம் விடுப்பில் இருந்தவளுக்கு அந்த வருட மதிப்பீட்டில் 'சராசரி' போடுவார்கள், ஆள் இல்லாமல் எதை மதிப்பிடுவது என்று. அந்த ஒரு சராசரி அடுத்தடுத்த வருட இன்கிரிமென்டின் அடித்தளத்தையே குறைத்துவிடும். அதற்குப் பதில், விடுப்புக்கு முந்தைய வருட மதிப்பீட்டை அப்படியே தொடர்வது என்று ஒரு வரி விதி எழுதினால் முடிந்தது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதைச் சட்டமே தடுக்கிறது.

அதைவிட முக்கியம், ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆவதற்கு உங்கள் கம்பெனியில் எழுதப்படாத தகுதி என்ன என்று பார்ப்பது. அவன் யோசித்துவிட்டுச் சொன்னான், "ரெண்டு வருஷமாவது ராத்திரி சி ஷிஃப்ட் பார்த்திருக்கணும் அக்கா. பிரேக்டவுன்னா ராத்திரி போன் பண்ணினா வரணும்." அந்தப் பதினொரு பேரில் யாருக்காவது சி ஷிஃப்ட் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை. கேட்டீர்களா? அதுவும் இல்லை. அவர்கள் நல்லதுக்குத்தான் என்று கேட்காமலே விட்டிருக்கிறார்கள். சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கேட்டால்தானே சம்மதமோ மறுப்போ வரும்.

அதனால் நான் அவனுக்குச் சொன்ன வரிசை இது. நான்காவதை இந்த மாதமே தொடங்கு, யாருடைய அனுமதியும் பெரிதாக வேண்டாம். மூன்றாவதில் கழிப்பறை, ஷூ, பஸ் மூன்றுக்கும் தொண்ணூறு நாள் கெடு வை. கட்டடம் முடியாவிட்டால் ஷாப்புக்குள் இருக்கும் ஆண்கள் கழிப்பறை ஒன்றைப் பெண்களுக்கு மாற்று. பிறகு இரண்டாவது, இரண்டே பிரிவில், கூட்டமாக. மேனேஜ்மென்ட் தனி லைன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொள். அந்த லைனின் மெயின்டனன்ஸும் ஷிஃப்ட் இன்சார்ஜும் பதினெட்டு மாதத்துக்குள் அந்தப் பெண்களிலிருந்தே வர வேண்டும், அதை எழுத்தில் வாங்கிக்கொள். இரண்டு வருடத்தில் முப்பது சதவீதம் இந்த வழியில் வராது. பதினைந்து, பதினெட்டு வரலாம். அந்த உண்மையை மேனேஜ்மென்டிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"பஸ் ஏற்கெனவே இருக்கு அக்கா, அது பிரச்சினை இல்ல" என்றான். எங்கே இறக்கிவிடும் என்று கேட்டேன். தெரியவில்லை. ஒருநாள் இரவு, பி ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிற பஸ்ஸில் நீயே ஏறிப் போய்ப் பார் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. நெடுஞ்சாலை ஓரம், எரியாத ஒரு சோடியம் விளக்குக் கம்பம், எதிரே மூடிய டாஸ்மாக் கடை. கீழே எழுதியிருந்தான்: "கடைசி ஸ்டாப் இதுதான் அக்கா. இங்கேர்ந்து ஊருக்குள்ள ரெண்டு கிலோமீட்டர். நான் நடந்துட்டிருக்கேன்."